வலது கைக்கு மஞ்சள்

ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மிஷன் பெண் பள்ளிக்கூடத்து ஆசிரியை சாரம்மாள். பள்ளிக்கூடம் என்றால் எழுத்துப் படிக்கிற இடம் மட்டும் என்று யாராவது சொன்னால் அது தப்பு. காய்ச்சலுக்கு மருந்து வேண்டுமா, அங்கேதான் போக வேண்டும். கொழும்பிலிருந்து புருஷன் போட்ட கடிதத்தை வாசிக்க வேண்டுமா, அதுவும் அங்கேதான். பிள்ளைத் தலையில் சிரங்கு இருந்தால் சாரம்மாள் முதலில் சிரங்கைக் கழுவுவாள். பாடம் அதற்குப் பிறகு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருஷப் பங்குனியில் ஆற்றுக்கு அக்கரை ஊரில் பெரியம்மை கண்டு மூன்று பிள்ளைகள் போய்விட்டன. சாரம்மாள் ஆள் விட்டு, அம்மை வராமலிருக்கக் கையில் அம்மைப்பால் குத்துகிற சங்கரசுப்பிரமணியனைப் பள்ளிக்கூடத்துக்கே வரவழைத்தாள். பிரம்மநாயகி அங்கே படிக்கிற தன் மகள் பார்வதியை முதல் ஆளாகக் கொண்டுவந்து நிறுத்தினாள். முன்பே இரண்டு பிள்ளைகளை அம்மைக்குக் கொடுத்தவள் அவள். மிச்சம் இருந்தது இந்த ஒன்றுதான்.

குத்தின இடத்தில் கொப்புளம் எழும்பினால்தான் பால் பிடித்ததாகக் கணக்கு. எட்டாம் நாள் வந்து பார்த்தால், ஒரு பிள்ளை கையிலும் கொப்புளம் எழும்பவில்லை.

"குத்துன பால் பூராவும் வீணாப் போச்சு," என்றார் சங்கரசுப்பிரமணியன். "மிச்சம் இருக்கதை நாளைக்கு இன்னொரு தடவ குத்துதேன். அதும் பிடிக்கலன்னா இந்த வருசம் வேற பால் கிடையாது."

சாரம்மாள் யாரையும் திட்டவில்லை. நேரே பிரம்மநாயகி வீட்டுக்குப் போய்ப் பார்வதியின் கையை மோந்து பார்த்தாள். வேப்பிலை வாடை.

"என்ன தாயி பூசுனிய?"

"வேப்பிலையும் மஞ்சளும். அம்மன உள்ள ஏத்திட்டுக் குளுர வைக்காம விட்டா கோவிச்சுக்கிட மாட்டாளா? தெருவே பூசுச்சு."

"அதுலதான் பால் அழிஞ்சு போச்சு."

"பூசாம இருக்க என்னால முடியாது, டீச்சரம்மா. ரெண்டு பிள்ளையக் குடுத்தவ நான்."

சாரம்மாள் பார்வதியின் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்தாள்.

"சரி, பூசுங்க. அவரு குத்துதது இடது கை. நீங்க வலது கையில பூசுங்க. அம்மன் ஒடம்பு பூராவும்தான இருக்கா? ஒரு கையக் குளுர வச்சா மத்த கைக்குத் தெரியாமலா போயிரும்?"

பிரம்மநாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேதக்காரி நீங்க, எங்க அம்மனுக்கு வக்காலத்து வாங்குதியளே."

சேதி தெரு பூராவும் பரவி, மிஷன் கோயில் உபதேசியார் எலியேசர் காதுக்கும் போயிற்று. "மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரே மஞ்சள் பூசச் சொல்லுதியளாமே," என்று வாசலில் வந்து நின்றார்.

"மஞ்சளுக்கு விரோதமா வேதத்துல ஒரு வசனம் காட்டுங்க அண்ணாச்சி, நிறுத்திருதேன்."

தேடிப் பார்க்கிறேன் என்று போனவர், அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை.

சொன்னபடி இரண்டாம் தடவையும் குத்தியாயிற்று. எட்டாம் நாள் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வலது கையெல்லாம் மஞ்சள். இடது கையெல்லாம் கொப்புளம். பார்வதிக்கு மூன்று, முத்து முத்தாக.

"பால் பிடிச்சிருச்சு," என்றார் சங்கரசுப்பிரமணியன்.

"இனி இவளுக்கு வராதுல்லா?" என்று பிரம்மநாயகி சாரம்மாளைத்தான் கேட்டாள்.

"வராது."

தினமும் காலையில் வாசலோடு நின்று மகளை விட்டுவிட்டுப் போகிறவள், அன்றைக்கு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் விடுகிறவரை எழுந்திருக்கவில்லை.