மினுக்கி அடித்த வேன்

பட்டறையில் அவளுக்கு மினுக்கி என்று பெயர். தளுக்கும் குலுக்கும் செய்து வாங்கிய பெயர் அல்ல. வண்டிகளுக்கு மெட்டாலிக் பெயிண்ட் அடித்து அடித்து, அதிலுள்ள மினுக்குத்தூள் புருவத்திலும் காது மடலிலும் ஒட்டிக்கொண்டு, எந்தச் சோப்புக்கும் மசியாமல் மின்னிக்கொண்டிருக்கும். யாரோ அப்படிக் கூப்பிட்டபோது முதலில் முறைத்தாள். பிறகு அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பினாள்.

உதிரி பாகங்கள் எடுத்துக் கொடுக்கத்தான் அங்கே சேர்ந்தாள். பழைய பெயிண்டர் சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டிய அன்று, "நான் அடிச்சுப் பாக்கட்டுமாண்ணே?" என்று ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்தவள், இன்னும் கீழே வைக்கவில்லை.

மெட்டாலிக்கும், முத்துப்போல் நிறம் மாறி மின்னும் பேர்லும் அடங்காப்பிடாரி ரகங்கள். நிறத்தோடு கலந்திருக்கும் மினுக்குத்தூள், கொஞ்சம் அசந்தால் அடியில் போய் உட்கார்ந்துவிடும். தெரியாமல் அடித்தால் வண்டி ஓரிடத்தில் பளபளக்கும், ஓரிடத்தில் அழுது வடியும். அதனால் கன்னைக் குலுக்கிக் குலுக்கித்தான் அடிப்பாள். அந்தப் பழக்கம் கையோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலைக்கூடக் குலுக்காமல் குடிக்கமாட்டாள்.

"பச்சைத் தண்ணியில அடியில என்னடி தங்கியிருக்கு?" என்பான் கணவன்.

அவனும் அதே பட்டறைதான். நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர். கையில் இருக்கும் சுத்தியலைவிட நாக்கு கனம். மீந்த வெள்ளி மெட்டாலிக்கை வீணாக்க மனமில்லாமல் அவள் சமையலறைச் சுவருக்கு அடித்திருந்தாள். அவனுடைய அக்கா வந்திருந்தபோது அதைக் காட்டி, "லைட்டப் போட்டா ஒரு வேன் உள்ள வந்து நிக்கிற மாதிரி இருக்குக்கா. நான் ஒதுங்கி வழி விட்டுடுவேன்" என்றான். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மினுக்கியும் பல்லை மட்டும் காட்டிச் சிரித்துவைத்தாள். அதோடு அவனிடம் பேச்சு நின்றது.

திண்டாட்டம் பட்டறைக்காரருக்கு.

"அண்ணே, கதவ நிமித்தியாச்சான்னு அவரக் கேளுங்க."

"ஆச்சுன்னு அவகிட்ட சொல்லுங்கண்ணே."

இருவரும் நின்றது ஒரே காரின் இரண்டு பக்கம்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு பாட்டுக் குழுவின் பெரிய வேன் வந்து நின்றது. முழு வண்டிக்கும் நீலப் பேர்ல் அடிக்க வேண்டும். மறுநாள் அவர்களுக்குக் கச்சேரி. இவ்வளவு பெரிய வண்டிக்குக் கன்னில் பெயிண்ட் ஊற்றும் சின்னக் கிண்ணம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. பெயிண்டைப் பெரிய தொட்டியில் ஊற்றி, குழாய் வழியாகக் கன்னுக்குக் கொண்டுவருவார்கள். தொட்டிக்குள் கலக்கிக்கொண்டிருக்கும் மோட்டார் அன்று பார்த்து உயிரை விட்டது. நல்லவேளையாக மூடியில் ஒரு கைப்பிடி இருந்தது. யாராவது நின்று சுற்றினால் போதும்.

"எனக்கு அந்த வாடை ஆகாதும்மா. உன் வீட்டுக்காரரத்தான் விடணும்" என்றார் பட்டறைக்காரர்.

"தாராளமா விடுங்க. கலக்குறதுல கெட்டிக்காரருதான், குடும்பத்தக் கலக்குறதுல" என்றாள் அவள், கூரையைப் பார்த்து.

பெயிண்ட் அறைக்குள் மின்விசிறி இரைந்தது. இருவர் முகத்திலும் முகமூடி. அவள் இடது கையைத் தூக்கி விரலைச் சுழற்றினால் அவன் சுற்றவேண்டும். வேனின் கூரை முடிந்தது. ஒரு பக்கமும் முடிந்தது. மறு பக்கத்துக்குத் தொட்டியை நகர்த்தும்போதுதான் அவனுக்குள் வீம்பு தலைதூக்கியது. நான் என்ன விரலுக்கு ஆடுகிற பொம்மையா? வாயைத் திறந்து கேட்கட்டுமே! கைப்பிடியை விட்டுவிட்டு மார்பில் கையைக் கட்டிக்கொண்டான்.

முதுகைக் காட்டி நின்றவளுக்கு அது தெரியவில்லை. விரலைச் சுழற்றிக்கொண்டே அடித்தாள். நீளமான கதவை அடித்து முடித்து, தள்ளி நின்று பார்த்தாள். முன்பாதி மயில் கழுத்து. பின்பாதி சாயம் போன சட்டை.

அவனை வாசலுக்கு இழுத்துப் போய் முகமூடியைக் கழற்றினாள்.

"ஏங்க, கலக்கச் சொன்னேன்ல! கலக்குங்கன்னா!"

"ஆ, பேசிட்டியா!"

"பேசிட்டேன். கதவு போச்சு. போதுமா?"

அப்போதுதான் அவன் கதவைப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"இது என்னாலயா?"

"பின்ன, உங்க அக்காவாலயா?"

அவனுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவள் கோபத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத்தான் பார்த்தாள். உதடு காட்டிக் கொடுத்துவிட்டது.

"சுவரப் பத்தி அக்கா முன்னாடி பேசினது தப்புதான்" என்றான் அவன், சிரிப்பு அடங்கியதும்.

"அதுக்கு இப்பவா நேரம்? போய்ச் சுத்துங்க."

மேலே பூசும் வார்னிஷ் இன்னும் அடிக்காததால் தலை தப்பியது. கதவைக் காயவிட்டு, தொட்டியை அடிவரை கலக்கச் செய்து, மெல்லிய பூச்சாக மறுபடி அடித்தாள். அவன் சுற்றிய சுற்றில் தொட்டியே கிறுகிறுத்திருக்கும். அவள் தண்ணீர் குடிக்கப் போனபோதும் நிறுத்தவில்லை.

மறுநாள் பாட்டுக் குழுவின் தலைவி வேனைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "இது நீலமா, பச்சையா? நடக்க நடக்க மாறுதே!" என்று அதே கதவைத்தான் தடவிக்கொண்டிருந்தாள். மினுக்கி கணவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் மும்முரமாக எதையோ தட்டிக்கொண்டிருந்தான். தட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

அதன்பின் விட்டுப்போன பேச்சையெல்லாம் இருவரும் வட்டியும் முதலுமாகப் பேசித் தீர்த்தார்கள், சுத்தியல் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி. பட்டறைக்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் சண்டை போட்டுக்கக் கூடாதா?" என்று கெஞ்சிப் பார்த்தார்.