பல் பட்ட தட்டு

என் வலது கையில் மூன்று விரல் வேலை செய்யும். சின்ன விரலும் அதற்கு அடுத்ததும் மடியாது, கம்பி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். பெருவிரலில் பாதிப் பலம் இருக்கிறது.

சுனாமியில் வந்தது இது. பனிச்சங்கேணியில் எங்கள் வீடு கடலுக்கும் களப்புக்கும் நடுவில் இருந்தது. களப்பு என்றால் கடலோரத்து உப்பு ஏரி. நாங்கள் அதை ஆறு என்றுதான் சொல்வோம். அன்று காலை கடல் எழும்பி வந்து ஆற்றில் விழுந்தது. நான் இடது கையால் ஆற்றோரத்தில் நின்ற ஒரு கண்ணா மரத்தைப் பிடித்திருந்தேன். வலது கையால் என் பெண்சாதியைப் பிடித்திருந்தேன். தண்ணீரோடு ஒரு கூரைத் தகரம் வந்து மணிக்கட்டுக்குக் கீழே வெட்டியது. கை திறந்துவிட்டது. நான் திறக்கவில்லை. அது திறந்தது.

அவளைத் தேடி எடுத்தது அவளுடைய அண்ணன். எனக்கு மச்சான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே தோணியில் தொழில் செய்தவர்கள். அவளை அடக்கம் செய்தபோது நான் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். திரும்பி வந்ததும் அவன் என் கையைத்தான் பார்த்தான். தங்கச்சியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முகாமில் ஒரே கூடாரத்தில் இருந்தோம். பகல் முழுக்கச் சும்மா இருக்க வேண்டும். அதுதான் பெரிய கஷ்டம். நான் வீச்சு வலைக்காரன். வேறு தொழில் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கும் அதிகம் போகவில்லை. கை வராவிட்டால் என்ன செய்வது என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

வீச்சு வலை எறிவதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வலையின் விளிம்பு முழுக்க ஈயக் குண்டு கோத்திருக்கும். ஒரு பங்கை இடது முழங்கையில் போட்டு, இன்னொரு பங்கை வலது கையில் அள்ளி, விளிம்பில் ஓர் இடத்தைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். பிறகு உடம்பைத் திருப்பி எறிய வேண்டும். கை விடவேண்டும், முழங்கை விடவேண்டும், பல்லும் விடவேண்டும். பல் பிந்தினால் பல்லே போய்விடும். மச்சானுக்கு மேல் முன்பல் ஒன்று அப்படித்தான் போனது. சிரித்தால் அந்த ஓட்டை தெரியும். அவன் எதற்கும் சிரிக்கிறவன்.

முகாமுக்கு ஒரு வெள்ளைக்காரர் வருவார். இளம் ஆள். அடிபட்டவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுப்பது அவர் வேலை. டவுனில் இருந்து ஒரு பெண்பிள்ளை கூட வந்து அவர் பேச்சை எங்களுக்குத் தமிழில் சொல்லும். முதலில் ஒரு ரப்பர் பந்தைத் தந்து அமத்தச் சொன்னார். அமத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

“இந்தக் கையால என்ன செய்ய விருப்பமாம் எண்டு கேக்கிறார்” என்றது அந்தப் பிள்ளை.

“வலை எறிய வேணும்” என்றேன்.

எப்படி எறிவது என்று கேட்டார். மச்சான் ஒரு படுக்கை விரிப்பை எடுத்து, கடித்து, திரும்பி, எறிந்து காட்டினான். வெள்ளைக்காரர் அதைத் திரும்பவும் செய்யச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை வந்தபோது ஒரு பை நிறையத் தட்டுக் கொண்டுவந்தார். சாப்பாட்டுத் தட்டு அளவில் பிளாஸ்டிக் தட்டு. அவருடைய ஊரில் அது ஒரு விளையாட்டாம். தூரத்தில் நின்று எறிந்துகொண்டே போய், கடைசியில் கிட்ட நின்று ஒரு கூடைக்குள் போட வேண்டும். கூடைக்கு மேலே சங்கிலி தொங்கும். தட்டு சங்கிலியில் பட்டுக் கூடைக்குள் விழும். இங்கே அப்படிக் கூடை கிடையாது. ஒரு குழாயை நட்டு, உச்சியில் சைக்கிள் ரிம் ஒன்றைக் கட்டி, அதில் பழைய சைக்கிள் செயின்களைத் தொங்கவிட்டார். கீழே மீன் கூடை ஒன்றை மச்சான் கட்டிக் கொடுத்தான்.

“தூரத்துக்கு வேற தட்டாம், கிட்டப் போடுறதுக்கு வேற தட்டாம். கிட்டப் போடுறதுக்குப் பேர் பட்டர்” என்றது பிள்ளை.

“பட்டர் எண்டா பூசுறதுக்குப் பாண் எங்க?” என்று மச்சான் கேட்டான்.

அந்தப் பிள்ளை அதை வெள்ளைக்காரருக்குச் சொல்லவில்லை. ஆனால் சிரித்துவிட்டது.

தட்டுகளைப் பாயில் பரப்பி ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். எனக்கு விளிம்பு கூரான மெல்லிய தட்டுத்தான் பிடித்தது. அதுதான் தூரம் போகும் என்று பார்த்ததும் தெரிந்தது. எடுத்து எறிந்தேன். என் நீட்டின விரல் தடுத்து, தட்டு காலடியில் விழுந்தது. திரும்பவும் எடுத்தேன். திரும்பவும் விழுந்தது. கிட்டப் போடும் தட்டுகளையும் பார்த்தேன். ஒன்று வழுக்கியது. இன்னொன்று கல் மாதிரிக் கிடந்தது. கூரானதையே திரும்ப எடுத்தேன். நல்ல வெயில். கூடாரத்து ஆட்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கைய மாத்த ஏலா மச்சான். தட்ட மாத்து” என்றான் அவன்.

“நீ பேசாம இரி.”

“நான் பேசாட்டி நீ இருட்டும் மட்டும் காலடியில போட்டுக்கிட்டு இரிப்பாய்.”

வெள்ளைக்காரர் பைக்குள் கையை விட்டு அடியில் கிடந்த ஒன்றை எடுத்தார். செம்மஞ்சள் நிறம். வெளுத்துப்போனது. விளிம்பு மழுங்கி, ஆழமாக, மெத்தென்று இருந்தது. அது அவர் விளையாடுகிற தட்டு என்று பிள்ளை சொன்னது. கையில் வாங்கினேன். மடிகிற விரல்கள் விளிம்புக்குள் போயின. மடியாத இரண்டும் தட்டுக்கு அடியில் நீட்டிப் படுத்தன. எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் கொண்டு திரிந்த விரல்கள், அங்கே பேசாமல் கிடந்தன.

“ஓம், இது” என்றேன்.

நான் எறிவதற்குள் மச்சான் பறித்துவிட்டான்.

“கொண்டா, முதல்ல நான் காட்டுறன்.”

இரண்டு கையாலும் பிடித்தான். தட்டின் விளிம்பை வாயில் வைத்துக் கடித்தான். உடம்பைத் திருப்பி எறிந்தான். தட்டு கூடைக்கு மேலால் பறந்து, பொதுச் சமையல் நடக்கிற இடத்தில் பருப்புக் கிடாரத்துக்குள் விழுந்தது.

“கண் தெரியாதா உனக்கு?” என்று சமைத்துக்கொண்டிருந்த மனுசி அகப்பையோடு எழும்பி வந்தாள்.

“மூடி இல்லாமக் கிடந்திச்சு அக்கா. ஈ இலையான் விழும் எண்டுதான்.”

“உன்ர வாய்க்குத்தான் மூடி போட வேணும்.”

வெள்ளைக்காரருக்கு விளங்கவில்லை. ஏன் கடித்தான் என்று கேட்டார்.

“கடிக்காம எப்படி எறியுற?” என்றான் மச்சான். பகிடிக்குச் சொல்லவில்லை. பிறகு எறியவந்த வலைக்காரர் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். கை தூக்கினால் வாய் திறக்கும். எங்களுக்குப் பழக்கம் அப்படி.

தட்டைக் கழுவித் தந்தார்கள். விளிம்பில் பல் அடையாளம் பதிந்திருந்தது. நடுவில் ஒரு பல் இல்லாத இடமும் தெரிந்தது.

அதற்குப் பிறகு காலையும் மாலையும் எறிந்தேன். உடம்பைத் திருப்பக் கூடாது, கையை மட்டும் நீட்ட வேண்டும் என்று வெள்ளைக்காரர் சொன்னார். வலைக்காரனுக்கு அது லேசில்லை. ஒரு நாள் அவர் கிட்ட வந்து என் விரல்களைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார்.

“பிடிக்கிறது பெரிய விசயமில்லையாம். சரியான நேரத்தில விடுறதுதானாம் வேலை” என்றது பிள்ளை.

மச்சான் பக்கத்தில் நின்றான். அவன் குனிந்து செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். அன்றைக்கு அவன் பகிடி விடவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகச் செயின் சத்தம் கேட்கத் தொடங்கியது. பிறகு எறிந்தால் அநேகமாகக் கேட்கும். கிட்ட நின்று போடுவதில் முகாமில் என்னைப் போல ஆள் இல்லை என்றார்கள். எனக்கு அது பெரிதில்லை. கை திறக்கிறது, நான் சொல்லும்போது திறக்கிறது. அதுதான் எனக்குக் கணக்கு.

ஊருக்குத் திரும்பிய பிறகு, மச்சானின் வலையை ஆற்றங்கரை மணலில் எறிந்து பார்த்தேன். அள்ள முடிந்தது. எறியும்போது ஈயக் குண்டுகள் நீட்டின விரலில் சிக்கின. வலை விரியவில்லை. மூட்டையாக விழுந்தது.

“பாரம் கூட” என்றான் மச்சான். “ரெண்டு முழம் வெட்டிப்போட்டு ஈயத்தையும் குறைச்சாச் சரி. வெட்டித் தாறன்.”

“நல்ல வலைய வெட்டுறதா?”

“என்ர வலைதானே.”

“வேணாம். முழு வலை எறிவன். இல்லாட்டி எறிய மாட்டன்.”

“அந்தக் கூர்த் தட்டுக்கு அடம்பிடிச்சு நிண்ட மாதிரியே நிக்கிறாய்.”

எங்கள் பக்கத்தில் யாரும் நல்ல வலையை வெட்டமாட்டார்கள். கிழிந்தால் பொத்துவோம். குறுக்கி எறிகிறவனைப் பார்த்தால் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

அதற்கிடையில் ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை திரும்பத் தொடங்கியது. வெள்ளைக்காரர் போக வேண்டி வந்தது. கடைசியாக வந்தபோது அந்தத் தட்டை எனக்கே தந்துவிட்டார். வேறு வைத்திருக்கிறேன் என்று சொன்னாராம். அவர் விளையாடுகிற தட்டு அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். வாங்கிக்கொண்டேன்.

ஷெல் ஊருக்குக் கிட்ட விழத் தொடங்கியதும் எல்லாரும் வெளிக்கிட்டோம். காட்டு வழியால் கிரான் பக்கம் போவது. மழைக் காலம். என் பைக்குள் உடுக்க ஒரு சாரம், ஒரு போத்தல் தண்ணீர், அந்தத் தட்டு. பாதி வழியில் மச்சான் நின்றான்.

“வலைய விட்டுட்டு வந்திட்டன்.”

“கிடக்கட்டும்.”

“போற இடத்தில எதால திங்குற? நீ நட. நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்.”

“வேணாம் மச்சான்.”

“அங்க போய் வலைய வெட்டுவம். உனக்கும் வேணும்தானே.”

சிரித்தான். திரும்பிப் போனான். மழைக்குள் கொஞ்சத் தூரம் முதுகு தெரிந்தது.

கிரான் பக்கத்து முகாமில் இருந்தேன். வருகிற ஆட்களை எல்லாம் கேட்டேன். கடைசியில் வந்த ஒரு குடும்பத்து ஆள் சொன்னான். பாதையோரம் ஒருவன் செத்துக் கிடந்தான், தோளில் வலை இருந்தது, ஷெல் துண்டு பட்டது என்றான்.

“முன் பல்லு இரிக்கா?” என்று கேட்டேன்.

“ஒண்டு இல்ல.”

“என்ன செய்தீங்க?”

“அங்கயே குழி வெட்டித் தாட்டிட்டம். சுத்தத் துணி இல்ல. வலையாலயே சுத்தித் தாட்டம். குறை நினையாதீங்க.”

நான் குறை நினைக்கவில்லை. அவனுக்கு அதைச் சொன்னேன்.

ஊருக்குத் திரும்ப விட்டபோது அந்த இடத்தைத் தேடினேன். காடு மூடியிருந்தது. ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரிப் புதர். சொன்ன ஆளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவனுக்கும் தெரியவில்லை. சுனாமி முகாம் இருந்த இடத்தில் குழாய் மட்டும் நின்றது. செயினையும் ரிம்மையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சைக்கிளுக்குத் தேவைப்பட்டிருக்கும்.

ஆற்றில் இறங்க ஆமியிடம் பாஸ் எடுக்க வேண்டும் என்று ஒரு காலம் போனது. வயல் வேலைக்கு உன்னிச்சைப் பக்கம் போய் வந்தேன். நெல் அரிவு வெட்ட இந்தக் கை போதும். பிறகு வன்னியில் சண்டை முடிந்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கோ வெடி கொளுத்துகிற சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் ஒருவரும் கொளுத்தவில்லை. அவரவர் வேலையைப் பார்த்தோம்.

அதன் பிறகு மீன்பிடித் தொழிலாளருக்கு வலை கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது. புது வலை, முழு அளவு. கொண்டுவந்து முற்றத்தில் விரித்தேன். பிறகு கத்தியை எடுத்து இரண்டு முழம் வெட்டினேன். வெட்டிய வலைக்கு ஈயத்தைக் குறைத்துக் கோத்தேன். வேலியால் பார்த்த பக்கத்து வீட்டுக்காரன் கேட்டான்.

“என்னப்பா, புது வலையைப் போட்டு வெட்டுறாய்? விசரா?”

“கைக்கு அளவில்ல” என்றேன்.

அவன் சிரித்தான். நான் கோத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தோணியில் தனியாகப் போனேன். ஒரு பங்கை முழங்கையில் போட்டேன். ஒரு பங்கை அள்ளினேன். நீட்டின விரல் இரண்டையும் வலைக்கு அடியில் படுக்க வைத்தேன், தட்டைப் பிடித்தது போல. விளிம்பைக் கடித்தேன். எறிந்தேன். வலை வட்டமாக விரியவில்லை. ஒரு பக்கம் மடிந்து விழுந்தது. இழுத்தபோது கொஞ்சம் மணலை மீனும் இறாலும் இருந்தன. ஒரு நேரக் கறிக்குக் காணும்.

இப்போதும் வலை அப்படித்தான் விழுகிறது. முழு வலைக்காரர் எடுக்கிறதில் பாதிதான் எனக்கு. நான் ஒரு ஆள். போதும்.

அந்தத் தட்டு தோணியில் கிடக்கிறது. பழைய தோணி, தண்ணீர் கசியும். தட்டால் அள்ளி வெளியே ஊற்றுவேன். இரண்டு விரல் உள்ளே, இரண்டு விரல் அடியில். பெருவிரல் மேலே விளிம்பில் இருக்கும். பல் பட்ட இடம் அங்கேதான். பல் இல்லாத அந்த நடு இடத்தில்தான் பெருவிரல் போய் நிற்கும். அதில் பிடித்தால் வழுக்காது.