போர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தது யார்?

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நம்பச் சொல்லிக் கெஞ்சப் போவதில்லை. சந்தேகம் இருப்பவர்கள் என் வலது கையைப் பார்த்துக்கொள்ளலாம்.

என் கணவருக்குப் பழைய ராணுவப் பாக்கெட் கடிகாரங்கள் என்றால் பைத்தியம். போர்க்காலத்தில் சிப்பாய்கள் வைத்திருந்தவை. கண்ணாடி அலமாரியில் பதினாறு இருந்தன. இனி வாங்க மாட்டேன் என்று என்மேல் சத்தியம் செய்திருந்தார். பதினேழாவது, அவருடைய காலுறைக்குள் என் கையில் சிக்கியது.

இன்னொரு பொய் சொன்னால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்ப மாட்டேன் என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"இதுதான் கடைசி," என்றார். "ரிப்பேர்காரர் ஊர்ல இல்ல. அவர் வந்து எண்ணெய் போடற வரைக்கும் சாவி குடுக்கக் கூடாது. ஓடினா உள்ள தேஞ்சு போயிடும்."

மறுநாள் காலை அது ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்கதானே?"

"நானா? என் கண்ணை நானே குத்திப்பேனா? நீதான் கோபத்துல பண்ணியிருப்பே."

"உங்களுக்குச் சாவி குடுக்கவே எனக்கு நேரம் சரியா இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. நடிக்கிறாரோ என்று தோன்றியது. பன்னிரண்டு வருடம் பழகிய முகத்தை, கடன்காரன் முகம்போல உற்றுப் பார்த்தேன்.

அன்று இரவே நின்றுபோனது. அடுத்த நாள் காலை மறுபடி ஓடியது. சாவி கொடுக்கும் திருகு பல் பல்லாக இருக்கும். திருப்பினால் விரலில் தடம் விழும். அவர் கட்டைவிரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தடம் இல்லை. அவர் என்னுடையதைப் பார்த்தார். அதிலும் இல்லை. எனக்குச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் லேசாக எரிந்தது. பாத்திரம் தேய்த்ததாக இருக்கும்...

அன்று கடிகாரத்தை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பீரோ சாவி என் தலையணை உறைக்குள்.

விடியும் நேரம். ஜன்னல் வெளுத்திருந்தது.

கிர்ர்... கிர்ர்...

மாட்டினார் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. மெல்லத் திரும்பினேன்.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் கன்னத்துக்கு அடியில்.

கிர்ர்...

பீரோவிலிருந்து இல்லை. மிகப் பக்கத்தில்.

என் போர்வைக்குள்.

காலால் போர்வையைத் தள்ளினேன். இடது உள்ளங்கையில் கடிகாரம். வலது கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் திருகை இடுக்கிக்கொண்டு திருப்பின. கட்டைவிரல் மட்டும் உள்ளே மடங்கிக் கிடந்தது.

நிறுத்தப் பார்த்தேன்...

நிற்கவில்லை.

திருகு இறுகிய பிறகுதான் விரல்கள் என்னிடம் திரும்பின.

நிமிர்ந்தேன். பீரோ திறந்து கிடந்தது, சாவி பூட்டிலேயே தொங்கியது. அவர் விழித்திருந்தார்.

"மூணு நாளும் நீதானா?"

நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்டதிலும் தவறில்லை.

ரிப்பேர்காரர் ஊர் திரும்பியதும் கொண்டுபோனோம். லென்ஸ் வைத்துப் பார்த்தவர், "இதை வச்சிருந்தவருக்குக் கட்டைவிரல் இல்லையாம்மா?" என்றார். "திருகு ஓரமா தேஞ்சிருக்கு. ரெண்டு விரல் இடுக்குல வச்சுத் திருப்பினாத்தான் இப்படித் தேயும்."

விற்றவரிடம் கணவர் போனில் கேட்டார். கடிகாரம் விற்றவரின் தாத்தாவுடையதாம். போரில் குண்டு பட்டு, வலது கட்டைவிரல் போய்விட்டதாம்.

அன்றே திருப்பி அனுப்பிவிட்டோம். நான் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. கணவர்தான் பக்கத்து அறையில் தாழ்போட்டுத் தூங்குகிறார்.

ஒரு மாதம் ஆகிறது. இதை எழுதும் பேனாவை என் இரண்டு விரல்கள்தான் பிடித்திருக்கின்றன. கட்டைவிரல் இன்னும் மடங்கியே இருக்கிறது.