மாலாக்காவைக் கேளு

ஏர்கோன் பழுதுபார்க்கும் தொழிலில் குளிர்காற்று வாடிக்கையாளருக்கு, வியர்வை நமக்கு. எந்த ஆபீஸிலாவது 'அவங்களைக் கேளு, அவங்களுக்குத்தான் தெரியும்' என்று பேர் வாங்கி, அதனாலேயே நிம்மதி இழந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் கிட்ட வாருங்கள். நம் கதைதான் இது.

சம்பளம் ஏறாத பதவி உயர்வு

ஈப்போவில் எங்கள் கம்பெனி சின்னது. முதலாளி, நாலைந்து டெக்னீஷியன்கள், கணக்குக்கும் போனுக்கும் சேர்த்து நான் ஒருத்தி. எந்த வீட்டில் என்ன மாடல், எந்த பேங்கில் பின்வாசல் வழியாகத்தான் விடுவார்கள், எந்தத் தாமான் குடியிருப்பில் நாய் கடிக்கும், எல்லாம் என் தலைக்குள் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. தஞ்சோங் மாலிமில் இருக்கும் என் தங்கை பிள்ளைத்தாச்சி ஆனதும்தான் வினையே வந்தது. எங்களுக்கு அம்மா இல்லை. பிரசவம் பார்க்க நான்தான் போய் நிற்க வேண்டும்.

லீவு கேட்கப் போன நேரம், முதலாளி ஏதோ ஓட்டலில் 'அறிவு மேலாண்மை' கோர்ஸ் முடித்து, கையில் ஒரு துணிப் பையோடு வந்திருந்தார். ஆளாளுக்குத் தெரிந்ததை எல்லாருக்கும் தெரியும்படி வைத்துவிட்டால் வேலை தானாக ஓடுமாம். அதை நடத்த ஒரு ஆள் வேண்டுமாம். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னையிலேருந்து நீங்கதான் அறிவு மேலாளர், மாலா. நீங்க இல்லாம கம்பெனி ஓடுனா லீவு. ஓடலைன்னா தங்கச்சிய இங்க கூட்டிட்டு வந்திருங்க."

போன் பூட்டப்பட்ட காலை

மாங்கு மாங்கென்று எல்லாவற்றையும் டைப் செய்து வாட்சப் குரூப்பில் போட்டேன். ஒத்திகை பார்ப்போம் என்று முதலாளி ஒருநாள் என் போனை வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினார். ஆபீஸ் அமைதியாக இருந்தது. முதலாளி முகத்தில் சிரிப்பு. எனக்கோ மனசுக்குள் தங்கையின் வீட்டுக்கு மூட்டை முடிச்சே கட்டியாகிவிட்டது.

அப்போது வாசலில் வேன் வந்து நின்றது. மெங்லெம்பு பேங்கில் ஏணி மேல் நிற்க வேண்டிய குணா உள்ளே வந்தான். எங்கள் ஆட்களில் வாய் ஓயாதவன். அந்த பேங்க் மாடியில் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று என்னையே கேட்டான். குரூப்பில் போட்டிருக்கிறேனே, பார்க்கவில்லையா என்றேன்.

"பாத்தேங்க்கா, அவ்ளோ நீட்டமா எழுதியிருக்கீங்க, யாரு படிக்கிறது? உங்களக் கேட்டா ஒரே வார்த்தையில சொல்லிருவீங்கல்ல. போன எடுக்கல, அதான் நேர்லயே வந்துட்டேன்."

பாரிட் புந்தார் ரகசியம்

சுருக்கி எழுதினேன். படிக்க ஆரம்பித்தார்கள். ஆனால் தங்களுக்குத் தெரிந்ததை யாரும் எழுதவில்லை. அதிலும் சேகர் இருக்கிறாரே, கல்லுளிமங்கன். பாரிட் புந்தாரில் ஒரு நெல் ஆலை ஆபீஸ். அறுப்பு சமயம் வந்தால் அங்கே ஏர்கோன் படுத்துக்கொள்ளும். குணா போனால் ஒருநாள் ஓடும். சேகர் போனால் அடுத்த அறுப்புவரை பேச்சே இருக்காது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் விரல் வலிக்கிறது, எழுத முடியாது என்பார்.

பிறகுதான் விசாரித்தேன். சேகருக்கு மாமியார் வீடு பாரிட் புந்தார். ஆலைக்குப் போகும் நாளெல்லாம் மத்தியானம் அங்கே விருந்து. விஷயத்தை எழுதிக் கொடுத்துவிட்டால் வேறு ஆளை அனுப்பிவிடுவோம் என்ற பயம். மனுஷனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலாளியிடம் பேசி ஒரு சட்டம் போட்டோம்: யார் எழுதுகிறாரோ, அந்த இடத்துக்கு முதல் உரிமை அவருக்கே. அன்று சாயந்திரமே சேகர் குரூப்பில் எழுதிவிட்டார். உமித் தூசி வெளிப்பெட்டிக்குள் அடைத்துக்கொள்ளுமாம். மேலாகத் தண்ணீர் அடித்தால் போதாது, பெட்டியைக் கழற்றி உள்ளேயிருந்து வெளியே அடிக்க வேண்டுமாம். பிறகு எனக்குத் தனியாகப் போன் செய்தார்.

"அக்கா, மெஷினப் பத்தி எழுதிட்டேன். மாமியார் மீன் குழம்பப் பத்தி மட்டும் குணாகிட்ட சொல்லிராதீங்க."

சீனி இல்லாத டீ

அதற்குப் பிறகு மடை திறந்துவிட்டது. எங்கே வேனை நிறுத்தினால் அபராத சம்மன் வரும் என்பதெல்லாம் வந்தது. சுங்கை சிப்புட்டில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் எங்கள் நெடுநாள் வாடிக்கையாளர். பாதித் தாமானை எங்களுக்குப் பிடித்துக் கொடுத்தவர். அவர் வீட்டைப் பற்றிக் குணா எழுதினான்: 'தே ஓ கொசோங்தான் குடுப்பாங்க. வெறும் டீ, பாலும் இல்ல, சீனியும் இல்ல. பிஸ்கட் நமத்திருக்கும். வேலைய முடிச்சிட்டு ஓடிருங்க.' எழுதியது சரி. குரூப்புக்கு அனுப்பாமல் டீச்சரம்மாவுக்கே அனுப்பிவிட்டான்.

எனக்கு உயிரே போய்விட்டது. லீவு மட்டுமா, வேலையும் போச்சு என்று நினைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போன் செய்தேன். டீச்சரம்மா என்னைப் பேசவே விடவில்லை.

"சீனி வாங்கி வச்சிட்டேன், பிஸ்கட்டும் புது டின். அடுத்த தடவ அந்தத் தம்பியவே அனுப்புங்கம்மா, குடிச்சு முடிக்காம வாசல் கேட்டத் திறக்க மாட்டேன்."

கசந்த குழம்பு

இரண்டாவது ஒத்திகையில் யாரும் நேரில் வரவில்லை. லீவு கிடைத்தது. தங்கைக்குப் பெண் குழந்தை. போனும் அடிக்கவில்லை. முதலாளி மட்டும் ஒருதடவை கூப்பிட்டு, "சும்மாதான், நல்லாருக்கீங்களா?" என்றார்.

வம்பு அடுப்படியில் வந்தது. பிரசவ மருந்து மசாலாவான செலவு சாமான் போட்டு நான் வைத்த பத்தியக் குழம்பு வேப்பங்காயாகக் கசந்தது. தங்கை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். பிறகு அழுதாள். அம்மாவை நினைத்துத்தான் அழுகிறாள் என்று தெரியும், எனக்கும் அடக்க முடியவில்லை. யாரைக் கேட்பது? கை தானாகக் கம்பெனி குரூப்பைத் திறந்தது. கேட்டுவிட்டேன்.

முதலில் வந்தது சேகரின் குரல் பதிவு. "அக்கா, செலவு சாமான கருக விட்டுட்டீங்க. லேசா சூடு காட்டுனா போதும். பூண்ட நல்லெண்ணெயிலயே வேக விடுங்க. கடைசியில கொஞ்சம் கருப்பட்டி." பின்னால் அவர் மனைவி, "மிளக மொதல்லயே போட வேணாம்னு சொல்லுங்க" என்று கத்துவதும் கேட்டது. அப்படியே செய்தேன். தங்கை தட்டை வழித்துச் சாப்பிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா வச்ச மாதிரியே இருக்குக்கா. யாருக்கா சொல்லிக் குடுத்தா?"

"ஏர்கோன் ரிப்பேர் பண்றவரு."

தெரிந்ததைப் பகிர்ந்தால் கம்பெனி வளரும் என்று முதலாளி போன கோர்ஸில் சொன்னார்களாம். பிள்ளை பெற்றவளுக்குச் சோறு இறங்கும் என்பதை மட்டும் ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.