கலியாணங்கள் இருக்கும் பெட்டி

கலியாண வீட்டில் பெண்கள் பக்கம் வீடியோ எடுக்கிற தொழிலில் கமராவைத் தூக்குவது சுகம். வீட்டுக்கு வந்து கொம்பியூட்டரை எழுப்புவதுதான் பெரும்பாடு. பழைய கொம்பியூட்டரோடு மல்லுக்கட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் என் கட்சிதான். என்னுடையது திறந்து முடியுமுன் நான் தேத்தண்ணி ஊற்றி, குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிடுவேன்.

எங்கள் கல்முனையில் பெண்கள் இருக்கிற பக்கத்துக்கு ஆண் கமராக்காரர் வரமாட்டார். நானும் ஜெசிந்தாவும்தான் போவோம். மெதடிஸ்த சேர்ச்சுக்குப் பின்னால் இருக்கிறவள் அவள். கமரா அவள் கையில். வெட்டி ஒட்டுவது என் வேலை. முக்காடு நழுவியதும், றபான் மேளம் அடித்ததும், குரவை விட்டதும் எல்லாம் எங்களிடம் நம்பி ஒப்படைத்த அமானிதம். ஓர் ஆணின் கண்ணும் அதில் படக்கூடாது.

நின்று போனது

சுபைதா மாமியின் மகள் றிஸ்னாவின் கலியாணத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது திரை நீலமாகி, பிறகு கறுப்பாகி, ஒரேயடியாக நின்றுவிட்டது. மாமா மவுத்தான பிறகு மாமி சிரித்து யாரும் கண்டதில்லை. அந்தக் கலியாணத்தில்தான் யாரோ ஒருத்தியின் கையிலிருந்த றபானைப் பறித்து அடித்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கட்டாரில் வேலை செய்யும் மாப்பிள்ளையிடம் போகுமுன் அந்தச் சிரிப்பு தன் கையில் கிடைக்க வேண்டும் என்று றிஸ்னா என்னிடம் கெஞ்சியிருந்தாள். கமராக் கார்டை அடுத்த கலியாணத்துக்காக ஏற்கெனவே அழித்துவிட்டோம். அந்தப் பெட்டியை விட்டால் வேறு எங்கும் அது இல்லை.

கடையில் கொடுத்துத் திருத்தலாமா என்று மாமியிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். மாமி முக்காட்டை நெற்றிவரை இழுத்து விட்டுக்கொண்டார். "கடைக்காரன்ட கையில குடுக்கிறதெண்டா, அதக் கொண்டு போய்க் கடல்ல போட்டுரு புள்ள."

அலுமாரியில் பூட்டியது

வழி சொன்னவள் ஜெசிந்தா. வீடியோக்கள் இருக்கும் பாகத்தை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, மிச்சத்தைக் கடைக்குக் கொண்டு போகலாம் என்றாள். அருமையான யோசனை. அந்தப் பாகம் எது என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. பெட்டியைத் திறந்தால் உள்ளே தூசு, பல்லி முட்டை, உப்புக் காற்றில் பிடித்த துரு. மூலையில் கனத்த இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. எல்லா வயரும் அதிலிருந்துதான் புறப்பட்டன. "இவ்வளவு பாரமெண்டா கனக்கக் கலியாணம் உள்ளுக்க இருக்கும்" என்றாள் ஜெசிந்தா. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பாடுபட்டுக் கழற்றி, என் ஸ்கார்பில் சுற்றி, அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

கல்முனைக் கடைத்தெருவில் கொம்பியூட்டர்ச் சாமான் விற்கிற, அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற றிபாய் காக்காவிடம் மிச்சத்தைக் கொண்டு போனோம். பெண்கள் வீடியோ இருக்கும் பாகத்தை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வந்த விஷயத்தையும் சொன்னோம். அவர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். உடனே சுட்டுவிட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். மூடியைப் போட்டு, ஸ்குரூவை இறுக்கி, போதாததற்குக் கயிற்றாலும் கட்டி எங்கள் பக்கம் தள்ளினார். "தங்கச்சி, நீங்க பூட்டி வெச்சிட்டு வந்தது கரண்ட் குடுக்கிற பெட்டி. கலியாணமெல்லாம் இஞ்ச என்ட மேசையிலதான் கிடக்கி."

மருதோண்டிக் கை

ஜெசிந்தா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு கடைக்கு வெளியே ஓடிவிட்டாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஹார்ட் டிஸ்க் என்கிற அந்தத் தட்டையான சாமானைக் கழற்றி வைத்துவிட்டு வந்தால் தானே எல்லாம் பொருத்திப் பூட்டித் தருவதாகக் காக்கா சொன்னார். ஒவ்வொரு பழுதுக்கும் கழற்றிச் சுமக்க என்னால் ஏலாது, பூட்டுகிற வேலையையே படிப்பித்து விடுங்கள் என்றேன். அவரும் சலிக்காமல் ஒரு காலிக் கொம்பியூட்டர்க் கூட்டை எடுத்து வைத்தார். எங்கள் பெட்டியில் மதர்போர்ட் துருவேறிச் செத்துவிட்டதை எட்டிப் பார்த்தபோதே கண்டுவிட்டாராம். அதை மாற்றினால் புரொசசரும் ரெம் என்கிற நினைவகத் தகடும் புதிதாகத்தான் போட வேண்டுமாம். எது எங்கே இருக்கும், எந்த வயர் எதில் போகும் என்று காட்டிக்கொண்டே வந்தவர், பழுதான ஒரு புரொசசரைப் பூட்டி, சூட்டைக் கடத்துகிற பசையை அதன்மேல் வைத்துப் பழகச் சொல்லிக் குழாயை என்னிடம் தந்தார்.

மணப்பெண்களுக்கு மருதோண்டி போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? ஓரத்தில் கொடி இழுத்து, மூலைக்கு மூலை இலை வைத்து, நடுவில் ஒரு பூவும் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தேன். காக்கா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். அழிக்க மனம் வராதவர் மாதிரித்தான் துணியை எடுத்தார். "நடுவில ஒரு கடலையளவு போதும் தங்கச்சி. இது பொண்ணு இல்ல, புரொசசர்."

டிக்

புதுச் சாமான்களை வீட்டு மேசையில் பரப்பி, நானும் ஜெசிந்தாவும் பூட்டி முடித்தோம். அலுமாரியிலிருந்த பெட்டியும் ஸ்கார்பைக் கழற்றிக்கொண்டு தன் மூலைக்குத் திரும்பியது. ஆன் பண்ணினால் காற்றாடி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை, பெட்டி மட்டும் பீப் பீப் என்று கத்துகிறது. அந்த நேரம் பார்த்து வாசலில் சுபைதா மாமி, பின்னால் றிஸ்னா. ஜெசிந்தா போனில் காக்காவைப் பிடித்தாள். ரெம் சரியாக இறங்கவில்லை, கரண்டை நிறுத்திவிட்டு இரண்டு முனையிலும் டிக் என்று கேட்கும்வரை அழுத்துங்கள் என்றார் அவர்.

கரண்டை நிறுத்தினேன். அழுத்தத்தான் பயம். முறிந்துவிட்டால்? விரலை வைப்பதும் எடுப்பதுமாக நின்றேன். மாமிக்குப் பொறுக்கவில்லை. என்னைத் தள்ளி நிறுத்தி, பிஸ்மி சொல்லி, பெருவிரலால் ஒரே அழுத்து. டிக். மற்ற முனையிலும் டிக். "இடியப்பம் புழியிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா புள்ள?"

அந்தச் சிரிப்பு

இந்த முறை திரை வெளித்தது. டிஸ்க்கில் இருந்த வீடியோவைத் திறந்தேன். மாமியின் றபான் சத்தம் வீட்டை நிறைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு ஆறுதல். றிஸ்னா திரைக்குக் கிட்டப் போய் நின்று, உம்மா சிரிப்பதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாள். மாமி தன் முகத்தையே யாரோ தெரியாதவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளின் தலையைத் தடவினார். "கொண்டு போ மகள், நினைக்கிற நேரமெல்லாம் பாரு. மாப்பிள்ளைக்கு மட்டும் காட்டிராத, மாமி அடக்கமான பொம்புளையெண்டு அவர் நம்பிக்கிட்டு இரிக்கார்."

இப்போது எங்கள் ஊர்ப் பெண்கள் கொம்பியூட்டர் பழுதென்றால் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்; வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கரண்டுப் பெட்டியைக் கழற்றிப் பத்திரமாக அலுமாரியில் பூட்டிவிட்டுத்தான் வருகிறார்கள்.