படுத்தவரை எழுப்பாத கடை

அந்த மெத்தைக் கடையின் ஒரே விற்பனையாளருக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள் வைத்த பெயர் தாலாட்டு. வருகிறவரைப் படுக்கவைப்பார், எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவீர்கள் என்று கேட்பார், விளக்கைக் குறைப்பார், அப்புறம் வாயைத் திறக்க மாட்டார். கண்ணயர்ந்தால் எழுப்பக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். தூங்கி எழுந்தவன் பேரம் பேச மாட்டான் என்பது அவர் கண்டுபிடிப்பு. அது இன்றும் பொய்க்கவில்லை. யாரும் பேரம் பேசுவதில்லை. செல்போனில் விலை பார்த்துவிட்டு நன்றி சொல்லிப் போய்விடுகிறார்கள்.

இந்தச் சனிக்கிழமைக்குள் ஒன்றாவது விற்காவிட்டால் கடையை மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். "இன்னைக்காவது யார் தலையிலயாவது கட்டிட்டு வாங்க" என்று சனிக்கிழமை காலை அவர் மனைவி வழியனுப்பினாள். அந்த வயதில் வேறு யாரும் வேலை தரப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

மதியம் ஓர் இளம் தம்பதி வந்து, இருப்பதிலேயே நல்ல மெத்தையில் படுத்தார்கள். கணவன் குறட்டை விட்டான். மனைவி அதைக்கூடப் பொருட்படுத்தாமல் தூங்கினாள்.

அப்போது ஒரு பெரியவர் கையில் பணப்பையோடு நுழைந்தார். "முதுகுவலிப்பா. அந்த மெத்தைதான் வேணும். படுத்துப் பாத்துட்டு இப்பவே எடுத்துக்கறேன். செல்போன்ல வாங்கறதெல்லாம் எனக்கு ஒத்துவராது."

தெய்வமே நேரில் வந்தது போலிருந்தது தாலாட்டுக்கு. "கொஞ்சம் உக்காருங்கய்யா, எழுந்துடுவாங்க."

"தட்டி எழுப்பேன்."

"இங்க எழுப்பறதில்லைங்கய்யா."

"இது கடையா, லாட்ஜா?"

கொஞ்ச நேரம் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து போய்விட்டார். தாலாட்டு வாசல்வரை துரத்தினார். தூங்குகிறவர்கள் விழித்துவிடாதபடி, நுனிக்காலில். அந்த வேகத்துக்கு முதுகுவலிக்காரரைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

"அண்ணே, சொர்க்கம்!" என்று எழுந்தான் கணவன்.

"பில் போட்டுடவா தம்பி?"

அவன் செல்போனை நீட்டினான். அதில் விலை குறைவு. தாலாட்டு முதலாளியை அழைத்தார்.

"அந்த விலைக்கு எனக்கே கம்பெனிக்காரன் தர்றதில்லப்பா. பேசாம நாமளே அதுல வாங்கி கடையில அடுக்கலாம்."

அவன் மனைவி தயங்கினாள். "வீட்டுக்கு டெலிவரி ஆனதும் அஞ்சு ஸ்டார் போட்டுடறேன்ணே."

"எனக்காம்மா?"

"மெத்தைக்கு."

சாயங்காலம் முதலாளி அழைத்தார். "சாவிய வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போ. திங்கள்கிழமை வர வேணாம்."

தாலாட்டு விளக்கைக் குறைத்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்த மெத்தையில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தார். உண்மையிலேயே நல்ல மெத்தை. தான் விற்கப் பார்த்ததில் பொய் இல்லை என்பது ஆறுதலாக இருந்தது. அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

கதவு திறந்தது.

"பாருங்களேன், எவ்வளவு நிம்மதியா தூங்கறார்!" என்றது ஒரு பெண்குரல்.

"இந்த மாடலே நல்லாருக்கும்போல. லேபிள போட்டோ எடுத்துக்க."

அவர் விழித்துதான் இருந்தார். கண்ணைத் திறந்தால் விற்க வேண்டியிருக்கும். கால்மாட்டில் செல்போன் கிளிக்கென்றது. வந்தவர்கள் அவரைத் தொந்தரவு செய்யாமல் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்கள்.