பெயர் சொல்லாத லைன்

மருதாத்தாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த அன்று, அவள் மாமியார் பழனாத்தாள் ஒன்றுதான் கேட்டாள். "ஊரான் பேசறதையெல்லாம் காதுல வாங்கீட்டு உக்காந்திருக்கறதுக்கு ஒரு சம்பளமா?"

கேட்டவளுக்குத்தான் அந்தப் பேச்சின் மேல் ஆசை அதிகம். சாயங்காலம் மருமகள் ஊரான எருத்தேன்பதிக்குப் பஸ்ஸில் வந்து இறங்கி, முகம் கழுவி, அடுப்பைப் பற்றவைப்பதற்குள் பின்னாலேயே வந்து நிற்பாள்.

"ஏனம்மிணி, அரிசி மில்லுக்காரன் இன்னைக்கி யாருகூடப் பேசுனான்?"

"எனக்குக் காது கேக்கறதில்லீங்கத்தை. ப்ளக்குத்தான் தெரியும்."

"கேக்காத காதுக்குக் கவருமெண்டு வேலை குடுத்துருச்சாக்கும்!"

புருசன் பொங்கியண்ணன் தட்டின் முன்னால் உட்கார்ந்து சிரிப்பானே தவிர, அவன் ஒரு தரம்கூட வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். கொழிஞ்சாம்பாறை எக்ஸ்சேஞ்ச் போர்டில் இரண்டு பேரை இணைத்துவிட்டு, அவர்கள் பேசத் தொடங்கியதும் 'சாவி' என்கிற சுவிட்சைத் தள்ளிக் காதை மூடிக்கொள்ள வேண்டும் என்பது இலாகாவின் சட்டம். மருதாத்தாளுக்கு அது சட்டம் மட்டும் அல்ல. அடுத்த வீட்டு அடுப்படியில் கால் வைப்பதற்கு முன் வாசலில் நின்று குரல் கொடுக்கிற மாதிரி, அவள் பழக்கமே அதுதான். லைன் மங்கிப்போய் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காமல் போகும்போது மட்டும் ஆபரேட்டர் நடுவில் இருந்தாக வேண்டும். இந்தப் பக்கம் சொல்வதை அந்தப் பக்கத்துக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னதையும் பிளக்கை எடுத்த கையோடு மறந்துவிடுவதுதான் அவளுடைய வழக்கம்.

இவ்வளவு கட்டுப்பெட்டியான ஒருத்திக்கு அந்த லைனிலேயே ஒரு விளையாட்டு இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்குக் கடைகள் எல்லாம் கண்ணயர்ந்திருக்கும் நேரத்தில், பாலக்காடு டிரங்க் போர்டில் இருந்த ராமபத்ரன் மூன்று ஊர்களை ஒன்றாக இணைப்பார். அவர் கல்பாத்திக்காரர். இந்தக் கோடியில் மருதாத்தாள். அந்தக் கோடியில், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே இருந்த சக்குபள்ளம் எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண். மூவருக்கும் தமிழ்தான், ஆனால் ஒருவர் தமிழ் இன்னொருவருக்குப் புதுசு. ராமபத்ரன் ஒரு பொருளைச் சொல்வார். அதற்கு உங்கள் பக்கம் என்ன பேர் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வருகிற விருந்தாளியை எங்கள் பக்கம் ஒறம்பரை என்போம் என்றாள் மருதாத்தாள். விருந்தாடி என்றாள் சக்குபள்ளம். "எங்காத்துல 'வந்தவா'ன்னு சொல்லுவோம். போனப்பறம் வேற பேரு," என்றார் ராமபத்ரன்.

விளையாட்டுக்கு மரியாதைகள் இருந்தன. யாரும் எழுதிவைக்கவில்லை, தானாக வந்து சேர்ந்தவை. இன்னொருவர் சொல்லைத் 'தப்பு' என்று சொல்லக் கூடாது. 'எங்க பக்கம் இப்படி' என்று மட்டுமே சொல்லலாம். சிரிக்கலாம், சொன்னவர் முதலில் சிரித்தால். மணி அடித்தால் பாதிச் சொல்லில் விட்டுப் போகலாம், யாரும் வருத்தப்படக் கூடாது. போர்டில் காதில் விழுந்தது எதையும் இங்கே கொண்டுவரக் கூடாது. பெயர், சாதி, வீட்டு நிலவரம் கேட்கக் கூடாது. அவரவர் ஊர்தான் அவரவர் பெயர்.

"என்ன பாலக்காடு, இன்னைக்குத் தொண்ட கரகரங்குது?"

"உங்க கொழிஞ்சாம்பாறைக் காத்துதான், சக்குபள்ளம். பிளக் வழியா வரது."

சக்குபள்ளம் தானாகவே ஒரு முறை சொன்னது இதுதான்: "எந் தம்பி உங்க பக்கந்தான் கெணறு வெட்டுக்கு வந்திருக்கான், கொழிஞ்சாம்பாற அக்கா. நூறு அடிக்கும் தண்ணி இல்லையாமே, நெசமா?" மருதாத்தாள் "நெசந்தான்" என்றாள். அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டாள்.

எழுபத்தாறில் எல்லாம் இறுகியது. நெருக்கடி நிலை வந்ததிலிருந்து வேலைக்கு வந்ததும் போடுகிற கையெழுத்துப் புத்தகம் மணி அடித்ததும் உள்ளே போய்விடும். அந்த ஆடி மாதத்தில் சாம்பசிவன் என்ற மேற்பார்வையாளர் பாலக்காட்டில் வந்து உட்கார்ந்து, எந்த லைனில் யார் பேசுகிறார்கள் என்று காது வைத்துக் கேட்கத் தொடங்கினார். ராமபத்ரன் ஒரு நாள் அவசரமாகச் சொன்னார்: "இனிமே நம்பர் மட்டுந்தான். சொல்லு கிடையாது. ஒரு ஆபரேட்டரை நேத்தி ஆத்துக்கு அனுப்பியாச்சு, விசாரணையே இல்லாமே." மருதாத்தாள் வேலையில் இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த வருடம் மழையும் பொய்த்திருந்தது. வீட்டில் வேளாவேளைக்கு அடுப்பு எரிந்ததே அவள் சம்பளத்தில்தான்.

அந்த வாரத்தில்தான் ஒரு நாள், ஒரு மணி வாக்கில், சின்னையன் எக்ஸ்சேஞ்சுக்குள் வந்தார். எருத்தேன்பதியில் இவர்கள் காட்டுக்கு அந்தப் பக்கம் நிலம் உள்ளவர். வேட்டியெல்லாம் கல்தூளும் ரத்தமுமாக இருந்தது.

"மருதாத்தா, சக்குபள்ளத்துல ஒரு எஸ்டேட்டு. அந்த மேனேசருக்கு அர்ஜெண்டுக் கால் போடு கண்ணு. நம்ம கெணத்துல வெடி முந்தி வெடிச்சுப்போச்சு. மலைக்காரப் பையன், சிலுவைராஜுன்னு. காலு மேல பாறை உழுந்துருச்சு. பொள்ளாச்சி ஆஸ்பத்திரில போட்டுட்டு வாறேன்."

பாலக்காடு வழியாக லைன் போய்ச் சேர்ந்தது. சக்குபள்ளம் "எஸ்டேட் ஆபீஸ், பேசுங்க" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல உடனே சாவியைத் தள்ளிக்கொண்டது. டக் என்ற அந்தச் சத்தம் மருதாத்தாளுக்கு நன்றாகக் கேட்டது. அவளும் தள்ளப் போனாள். ஆனால் மலையில் மழை, லைன் கொசு ரீங்காரமாக இருந்தது. மேனேஜர் "என்னது? என்னது?" என்று கத்தினார். வேறு வழியில்லாமல் அவள் நடுவில் புகுந்தாள்.

சின்னையன் சொல்லச் சொல்ல அவள் வாய் திருப்பிச் சொன்னது. சிலுவைராஜுக்குக் கால் நசுங்கிவிட்டது. நாளைக் காலையில் அதை வெட்டி எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்கிறார் டாக்டர். பையன் அப்பாவும் அக்காவும் வராமல் கத்தியைத் தொடவிட மாட்டேன் என்கிறான். அவர்களை உடனே அனுப்ப வேண்டும்.

மேனேஜர் இரண்டு தரம் திருப்பிக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அப்பன் மேல் காட்டுல கங்காணி. ஆள் அனுப்பி வரச் சொல்லணும். அக்கா சிசிலி இங்க எக்ஸ்சேஞ்சுலதான் இருக்கு. அதுக்கு இப்பப் பறயண்டா, சொல்ல வேண்டாம். இன்னைக்குப் போடில ஏலக்காய் ஏலம். வெல கேட்டுக் கேட்டுச் சொல்லணும், எனக்கு லைன் வேணும். அந்தப் பொண்ணு போர்டை விட்டுட்டு ஓடிச்சுன்னா மாத்துக்கு ஆள் இல்ல. ஏலம் முடியட்டும், வைகிட்டு ஒரு ஆறு மணிக்கு நானே சொல்லிக்கிறேன்."

மருதாத்தாள் அதையும் திருப்பிச் சொன்னாள். தன் குரலிலேயே. சின்னையன் "சரி, அவங்க பாத்துக்குவாங்க" என்று தலையாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போனார்.

சக்குபள்ளத்தின் பெயர் சிசிலி என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மலையிலிருந்து கம்பத்துக்கு இறங்கும் கடைசி பஸ் நாலு மணிக்கு. டிரங்க் கால் கேட்பவர்கள் அடிக்கடி சொல்வதால் அது எல்லா ஆபரேட்டருக்கும் தெரியும். அதை விட்டால் மறுநாள்தான். மருதாத்தாள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றேகால். மேனேஜர் மனிதர்தானே, மனசு மாறிச் சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். இரண்டு மணிக்கு அவளுடைய போர்டில் ஒரு வியாபாரி போடிக்குக் கால் கேட்டார். அதைக் கொடுத்தாள். இரண்டரைக்குச் சக்குபள்ளத்துக்கே ஒரு கால் வந்தது.

"சக்குபள்ளம்," என்றது அந்தக் குரல், உற்சாகமாக. "லைன் தாரேன்."

அந்தக் குரலில் பதற்றம் ஒன்றும் இல்லை. மேனேஜர் அவளிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

கொண்டுவந்த சோற்றுத் தூக்கை அவள் திறக்கவே இல்லை. மூன்று மணி தாண்டியதும் பாலக்காட்டைக் கூப்பிட்டாள்.

"எனக்குச் சக்குபள்ளம் வேணுங்க."

"யார் கேக்கறா? பார்ட்டி பேர்?" என்றார் ராமபத்ரன்.

"நாந்தானுங்க கேக்கறேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "வேண்டாம். சாம்பசிவன் சார் நம்ம சர்க்யூட்லதான் கேட்டுண்டிருக்கார். சொல்லு வெளையாட்டெல்லாம் அப்பறமா."

"வெளையாட்டில்லீங்க. ஒரு கால்ல கேட்டதைச் சொல்லோணும்."

"கேட்டதைச் சொல்லப்படாது. அதுல நீங்கோதான் ரொம்பக் கண்டிப்பு. சொன்னேள்னா இன்னியோட வேலை போயிடும், தெரியுமோன்னோ?"

"தெரியுமுங்க. குடுங்க."

அவர் கொடுத்தார். கொடுத்தாரா, கை தானாகப் போட்டதா என்று அவருக்கே பின்னால் சொல்லத் தெரியவில்லை.

"கொழிஞ்சாம்பாற அக்காவா?" சிசிலியின் குரலில் சிரிப்பு இருந்தது. "என்னக்கா, இன்னைக்குச் சொல்லு உண்டா? இங்க எஸ்டேட்டுக்காரரு வெல கேட்டே என்னக் கொன்னுட்டாரு."

"சிசிலி," என்றாள் மருதாத்தாள்.

சிரிப்பு நின்றது. "எம் பேரு உங்களுக்கு எப்படி..."

"நாஞ் சொல்றதக் கேளு. உந் தம்பி சிலுவைராஜுக்குக் கெணத்துல அடி. உசுரு இருக்குது. காலுதான் போச்சு. பொள்ளாச்சி பெரிய ஆஸ்பத்திரி. காலைல எடுக்கோணுமாம், நீயும் அப்பனும் வராம உடமாட்டீங்கறானாம். நாலு மணி பஸ்ஸப் புடி."

"யாருக்கா சொன்னது?"

"ஒரு மணிக்கு வந்த கால். உம்போர்டு வழியாத்தான் போச்சு. நீ சாவியத் தள்ளீட்டே."

அப்போது மூன்றாவது குரல் ஒன்று நடுவே விழுந்தது. "யார் இது? கொழிஞ்சாம்பாறையா? பாலக்காடு, அந்த பிளக்கை எடும்."

"எடுக்கறேன் சார்," என்றார் ராமபத்ரன். "சிக்கிண்டிருக்கு."

"என்னய்யா சிக்கிண்டிருக்கு?"

"பிளக் வயர் சார். ஒண்ணோட ஒண்ணு முறுக்கிண்டிருக்கு. இதோ, ஒரு நிமிஷம்."

சிசிலி யாரையோ கத்திக் கூப்பிட்டாள். "லைன்மேன் அண்ணே, இதக் காதுல மாட்டுங்க! எதையும் தொடாதீங்க, மணி அடிச்சா சக்குபள்ளம்னு மட்டுஞ் சொல்லுங்க!" நாற்காலி சாய்ந்த சத்தம் கேட்டது. பிறகு ஒரு ஆண் குரல் பயந்துபோய், யாரும் கேட்காமலே, "சக்குபள்ளம்" என்றது.

"எடுத்துட்டேன் சார்," என்றார் ராமபத்ரன்.

சாம்பசிவன் கொழிஞ்சாம்பாறை லைனை மட்டும் விடவில்லை. "உன் பேரு?"

"மருதாத்தாளுங்க."

"பார்ட்டி பேசினதை வெளியில சொன்னியா?"

"சொன்னேனுங்க."

"நாளையிலேருந்து போர்டுல உக்காராதே."

"சரிங்க," என்றாள். அடுத்த மணி அடித்தது. அன்றைய வேலை நேரம் முடியும்வரை கால்களை இணைத்துக்கொண்டேதான் இருந்தாள்.

வீட்டில் முதல் முறையாகப் பழனாத்தாளிடம் ஒரு காலில் கேட்டதைச் சொன்னாள். கிழவி, "இத்தன நாளா நாங் கேட்டதுக்கு ஒண்ணுஞ் சொல்லல. சொன்ன மொதச் சேதியே வேலைக்கு ஒல வெச்சுட்டே," என்றாள். பொங்கியண்ணன், "காலைல பொள்ளாச்சி போயிட்டு வா," என்றான், அவ்வளவுதான்.

விசாரணை ஆறு மாதம் இழுத்தது. வேலை போகவில்லை. ஆனால் மருதாத்தாள் பில் கவுண்டருக்கு மாற்றப்பட்டாள், அதன் பிறகு ஹெட்செட் அவள் காதுக்கு வரவில்லை. வயர் முறுக்கிக்கொண்டதற்கு ராமபத்ரனுக்கும் ஒரு மெமோ வந்தது. மூன்று மணி லைனை மறுபடி யாரும் இணைக்கவில்லை. பேர் சொல்லியாகிவிட்டது, இனிமேல் அது வேறு லைன் என்று அவர் யாரிடமோ சொன்னாராம்.

இதெல்லாம் பிறகு. மறுநாள் காலை அவள் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆபரேஷன் முடிந்திருந்தது. வார்டுக்கு வெளியே பெஞ்சில் ஒரு ஒல்லியான பெண், புடவை முழுக்கச் சேறு தெறித்திருக்க, உட்கார்ந்திருந்தாள். அடையாளம் கேட்க வேண்டியிருக்கவில்லை. நர்சிடம் அவள் "தண்ணி குடுக்கலாமா சிஸ்டர்?" என்று கேட்ட குரலே போதும்.

"சிசிலி?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "குரலுக்கு நீங்க ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்," என்றாள். பிறகு, "பொழச்சுட்டான். முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க."

மருதாத்தாள் கொண்டுவந்த சோற்றுத் தூக்குப்போசியைப் பெஞ்சில் வைத்தாள். சிசிலி அதைத் தொடவில்லை.

"ஒரு மணிக்கே தெரியுமாக்கா உங்களுக்கு?"

"தெரியும்."

"நீங்க சொன்னப்ப மூணே கால். எங்கப்பா இருந்த மேல் காட்டுக்குப் போகவர ஒன்றர மணி நேரம் ஆகும். ஒரு மணிக்கே சொல்லியிருந்தீங்கன்னா கூட்டிட்டு வந்திருப்பேன். கத்தி வைக்கறவரைக்கும் அப்பா எங்க, அப்பா எங்கன்னுட்டே கெடந்தான். நான் பொய் சொல்லிக் கையெழுத்துப் போட வச்சேன். வெளிய நிக்காருன்னு."

மருதாத்தாள் புடவைத் தலைப்பை இழுத்துச் சுற்றிக்கொண்டாள். மேனேஜர் சொல்வார் என்று நினைத்தேன், லைனில் ஆள் கேட்டுக்கொண்டிருந்தார் என்றெல்லாம் சொல்லலாம். உண்மையும்கூட.

"வேலை போயிருமேன்னு பயந்துட்டேன்," என்றாள்.

சிசிலி தலையை ஆட்டினாள். ஏற்றுக்கொண்ட மாதிரியும் இல்லை, மறுத்த மாதிரியும் இல்லை. "போயிருச்சா?"

"தெரியல. போர்டுல உக்காராதேன்னுட்டாங்க."

லைனில் ஒரு சொல்லுக்கு மேல் ஒரு சொல்லாகப் போட்டவர்களுக்கு நேரில் ஒன்றும் வரவில்லை. உள்ளே சிலுவைராஜ் முனகினான். சிசிலி எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் தூக்குப்போசியைத் திறந்து, அரிசிம்பருப்புச் சோற்றை ஒரு வாய் எடுத்து, நின்றபடியே தின்றாள்.

"அப்பா ராத்திரி ஏலக்கா லாரில ஏறிட்டாராம். மத்தியானம் வந்துருவாரு," என்றாள். "யாரு எப்பச் சொன்னாங்கன்னு கேப்பாரு. எனக்கு அதச் சொல்லத் தெம்பில்லக்கா. நீங்களே சொல்லுங்க."

"நானா?"

"வேற யாரு?"

மருதாத்தாளின் பஸ் பதினொன்றரைக்கு. வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆளில்லை. அவள் பெஞ்சில் சிசிலிக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தபடி இருந்தார்கள். பஸ் நேரமும் தாண்டி, மத்தியானத்தில் கம்பளி போர்த்திய பெரியவர் ஒருவர் உள்ளே நுழைந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றபோது, சிசிலிக்கு முன்னால் எழுந்தது மருதாத்தாள்தான்.